வாக்ராமில் இருந்த விரேடேயும் ஹனாவில் இருந்த விரேடேயும் ஒருவரா?

ஒரே ஆள்தான். 1809இல் ஆஸ்திரியாவின் வாக்ராமில் நடந்த போரில் நெப்போலியன் பக்கம் நின்று காயம்பட்ட பவேரியத் தளபதி கார்ல் பிலிப் வான் விரேடேதான் 1813இல் ஜெர்மனியின் ஹனாவில் அவரையே வழிமறித்தவர்.

கட்சி மாறியது பவேரியா நாடே. 1813 அக்டோபர் 8இல், அது நெப்போலியனை விட்டு ஆஸ்திரியா பக்கம் சேர்ந்த ரீட் ஒப்பந்தம். அதில் பவேரியாவுக்காகக் கையெழுத்திட்டவரும் இவர்தான். மூன்றே வாரத்தில் ஹனாவ். அங்கே கின்சிக் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படையை நிறுத்தினார்; பின்வாங்கும்போது பலர் ஆற்றில் மூழ்கினார்கள். படுமோசமான கணக்கு. ஆனாலும் அடுத்த ஆண்டே பீல்ட் மார்ஷல் ஆகிவிட்டார்!

சந்தேகம் வந்தால் போரின் தேதியைப் பாருங்கள்: 1805 ஆகஸ்டிலிருந்து ரீட் வரை பிரான்ஸோடு, அப்புறம் எதிராக.

ஒன்று மட்டும்: 1800இல் ஹோஹென்லிண்டன் போரிலும் அவர் பிரெஞ்சுப் படையை எதிர்த்துத்தான் நின்றார். ‘ஒரே ஒரு தடவை அணி மாறினார்’ என்று எழுதிவிடாதீர்கள்.