எட்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றால் மாதம் எழுபதாயிரம் இல்லை, அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் வந்தபோது என்னிடம் வேலைவாய்ப்பு ஆலோசனைக்கு வந்த கூட்டம் அதிகம். நிதானமாகப் பேச முடியவில்லை. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தையும் உங்கள் மகன், நம் தம்பியின் ஆஃபர் லெட்டர் ஜெராக்ஸையும் மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே மூன்று கேள்வி கேட்டீர்கள். இந்தச் சம்பளத்தில் சென்னையில் குடும்பம் நடத்த முடியுமா? எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற இரண்டு ஏக்கர் கரிசலை விற்று இப்போதே அவனுக்கு அடுக்குமாடியில் ஒரு பிளாட் வாங்கிக் கொடுத்துவிடலாமா? இதெல்லாம் சரிப்படாது என்றால் பேசாமல் குரூப் 4 எழுதச் சொல்லவா? கடலைமிட்டாய் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. ஜெராக்ஸை இப்போதுதான் முழுதாகப் படித்தேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 குரூப் 4 அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 14 லட்சம் பேர். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்குகிறது. அகவிலைப்படி சேர்ந்தால் முப்பதாயிரத்தைத் தாண்டும். சொந்த வீட்டில் இருந்துகொண்டு கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ வாங்குகிற அந்த முப்பது, சென்னையில் வாங்குகிற ஐம்பதுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு, 14 லட்சம் பேர் நிற்கிற வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கே அரசு வேலையில் ஆசை இருந்தால் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 2-க்குப் படிக்கட்டும். உங்கள் ஆசைக்காக வேண்டாம்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். லெட்டரின் முதல் பக்கத்தில் 8,40,000 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் எழுபதாயிரம் என்று மதினியிடம் சொல்லியிருப்பீர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், அதைத்தான் படிக்க வேண்டும். அதில் 84,000 'வேரியபிள் பே'. கம்பெனியும் நன்றாக ஓடி, தம்பியின் வேலைக்கு அவர்கள் போடுகிற மார்க்கும் நன்றாக இருந்தால் வருஷக் கடைசியில் வரும், வராமலும் போகும். நம் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. கம்பெனி தன் பங்காகக் கட்டுகிற பி.எஃப். வருஷத்துக்கு 50,400. கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை என்று 20,200 சொச்சம். மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் 12,000. இதெல்லாம் அவன் பேரில் எழுதப்பட்ட பணம், ஆனால் மாதாமாதம் கைக்கு வராது. இவற்றைக் கழித்தால் மாதம் 56,100. அதிலிருந்து அவன் பங்கு பி.எஃப். 4,200 போகும். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. ஆக பேங்கில் வந்து விழுவது 51,700 ரூபாய்.

பயப்பட வேண்டாம். பி.எஃப். நஷ்டக் கணக்கு இல்லை. இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 8,400 அவன் பேரில் சேர்கிறது. வேலை மாறும்போது அதை எடுத்துச் செலவு செய்யாமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதட்டலாம். வருமான வரியும் இப்போதைக்கு இல்லை. புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு நிலைக்கழிவோடு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) சேர்த்து 12.75 லட்சம் வரை வரி வராது. 'வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம்' என்று உங்கள் கடைக்கு வருகிற யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். மிச்சப்படுத்துவதற்கு அவனுக்கு வரியே இல்லையே, அண்ணாச்சி.

சரி, 51,700-ல் என்ன நடக்கும்? கல்யாணம் ஆகும்வரை தாராளமாக நடக்கும். வேலை சிறுசேரியில். நாலு பையன்கள் சேர்ந்து நாவலூர், படூர் பக்கம் வீடு எடுத்தால் ஆளுக்கு ஏழு, ஏழரை. சாப்பாட்டுக்கு எட்டாயிரம். வண்டிக்குப் பெட்ரோல், போன், நெட் எல்லாம் நாலாயிரம். சட்டை துணிமணி, சினிமா, நண்பன் கல்யாணத்துக்கு மொய் என்று இன்னொரு நாலாயிரம். உங்களுக்குப் பன்னிரண்டாயிரம் அனுப்புகிறேன் என்று அவனே என்னிடம் சொன்னான். எல்லாம் போக மாதம் பதினாறாயிரம் மிஞ்சும், இரண்டு வருஷத்தில் நாலு லட்சத்துக்குப் பக்கம். இந்தப் பணத்தைத் தொடாமல் இருந்தால் அவனுக்கு என்ன பலம் என்று பிறகு சொல்கிறேன்.

குடும்பம் ஆன பிறகுதான் கணக்கு இறுகும். நாலைந்து வருஷத்தில், ஒரு தடவை கம்பெனி மாறி, கைக்கு 75,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடக்கக்கூடியதுதான். ஒரு பிள்ளை. இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,500. அந்தப் பக்கம் பல அடுக்குமாடிகளில் தண்ணீர் லாரியில்தான் வருகிறது, கோடையில் மெயின்டனன்ஸ் ஏறும். மளிகை, பால், காய்கறி, கேஸ் 14,000. கரண்டு, நெட், போன் 3,500. சில வீட்டுக்காரர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வாங்குவார்கள். வீடு பார்க்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்ரோல் 4,000. பள்ளிக் கட்டணம், வேன் இரண்டையும் மாதக் கணக்காக்கினால் 9,000. மருந்து, இன்சூரன்ஸ் 3,000. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்து போவது, விசேஷங்களுக்குச் செய்முறை எல்லாம் சேர்த்து 4,000. உங்களுக்கு 10,000. கூட்டினால் 68,000. மிச்சம் ஏழு. வருகிற மருமகளும் ஒரு முப்பதாயிரம் சம்பாதித்தால் மூச்சு விட இடம் உண்டு. ஒரு சம்பளம் மட்டும் என்றால் நடக்கும், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான்.

இதே கணக்கில் நீங்கள் சொன்ன பிளாட்டை வைத்துப் பார்ப்போம். தாழம்பூரில் 55 லட்சம் என்று நோட்டீஸ் காட்டினீர்கள். பேங்க் 80 சதவீதம் கொடுக்கும், அதாவது 44 லட்சம். மீதி 11 லட்சம் நம் கைப்பணம். பத்திரச் செலவுக்குப் பேங்க் கடன் தராது. ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட புது அடுக்குமாடிக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 7 சதவீதம், கிட்டத்தட்ட 3.85 லட்சம். கட்டி முடிக்காத கட்டடம் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இன்னொரு 2.75 லட்சம். அலமாரி, கிச்சன் வேலைக்கு முன்பே பதினேழரை லட்சம் போய்விடுகிறது. கரிசல் நிலம் அங்கேயே காலி.

அதற்குப் பிறகுதான் இ.எம்.ஐ. 44 லட்சத்துக்கு 8 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் 36,800. மொத்தமாகக் கட்டுவது 88 லட்சம். இன்றைக்கு அவன் கைக்கு வருவது 51,700. பாதிக்கு மேல் தவணை போனால் பொதுவாகப் பேங்கே யோசிக்கும். அப்போது மேனேஜர் உங்களைப் பார்த்து, "கடைக் கணக்கு, ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா சார்? நீங்களும் கையெழுத்துப் போட்டா பண்ணிடலாம்" என்பார். அவர் வேலையை அவர் செய்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அறுபது வயதுக்கு மேலும் அந்தக் கடையின் ஷட்டரை இ.எம்.ஐ.க்காகத் தூக்க வேண்டியிருக்கும்.

முன்பு சொன்ன 68,000 செலவில் வாடகையை எடுத்துவிட்டு இ.எம்.ஐ.யைப் போட்டால் 86,800. 75,000 சம்பளக்காரனுக்கு மாதம் பதினோராயிரத்து எண்ணூறு துண்டு விழும். அதே வீட்டை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், பதினேழோ பதினெட்டோதான் சொல்வார்கள். "வாடகை கொடுக்கிற காசு வீண்தானே" என்றீர்கள். முதல் மாத இ.எம்.ஐ.யில் 29,000-க்கு மேல் வட்டிதான். அதை மட்டும் எப்படி வீண் இல்லை என்பது?

பணக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிய கவலை வேறு. நான் வேலைவாய்ப்பு ஆலோசகன், ரியல் எஸ்டேட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு.

என்னிடம் படித்த ஒரு பையன், தூத்துக்குடிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே அப்பா அம்மா சொன்னார்கள் என்று பிளாட் வாங்கினான். 33,000 இ.எம்.ஐ. அவன் வேலை பார்த்த புராஜெக்ட் முடிந்தது. ஹைதராபாத்துக்குப் போ, அங்கே புதுத் தொழில்நுட்பத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். போனால் அங்கே வாடகை, இங்கே தவணை. பிளாட்டை வாடகைக்கு விட்டால் பதினாலாயிரம் வரும். போகவில்லை. பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டான். மூன்று வருஷம் கழித்து என்னைப் பார்க்க வந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் டிங் என்றது. எடுத்துப் பார்த்துவிட்டு, மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். மாதம் 5-ம் தேதி. தவணை எடுத்த மெசேஜ். "சார், இன்டர்வியூக்குப் படிக்க ரெண்டு மாசம் லீவு போடலாம்னா, ரெண்டு டியூ இடிக்கும் சார்" என்றான். கெட்டிக்காரப் பையன். அவனோடு சேர்ந்தவர்கள் அவனைப்போல ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள்.

இந்த சாஃப்ட்வேர் துறையில் முதல் ஐந்து வருஷம்தான் சம்பளம் தாவுகிற காலம். பெங்களூரோ புனேயோ கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்று லெட்டரிலேயே இருக்கிறது, அதைச் சமாளிக்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தால் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்து வேறு பக்கம் திரும்ப வேண்டும். முன்பு சொன்ன அந்த நாலு லட்சம் இதற்குத்தான். அது கையில் இருக்கிறவன் மேனேஜரிடம் நிமிர்ந்து பேசுவான்.

நீங்கள் ஏன் அவசரப்படுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனால், "மாப்பிள்ளைக்கு மெட்ராஸ்ல சொந்த வீடு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நம் பக்கத்தில் அது ஒரு வியாதி மாதிரி பரவியிருக்கிறது. 36,800 தவணை போக மாப்பிள்ளை கையில் என்ன மிஞ்சும் என்று அவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் பெண்ணுக்கே தெரிந்துவிடும். கேட்கிறவர்களிடம், கோவில்பட்டியில் வீடு இருக்கிறது, எட்டயபுரம் ரோட்டில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, பையன் பேரில் ஒரு ரூபாய் கடன் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பதிலுக்குத்தான் உட்காருவார்கள்.

சென்னையில் வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஊரில் நிலைக்கப்போகிறோம் என்பது அவனுக்கே தெரிந்த பிறகு, இரண்டு சம்பளம் வரும்போது, தவணை கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் வாங்கட்டும். அதுவரை வாடகை. அட்வான்ஸ் மட்டும் கவனம். பத்து மாத வாடகை கேட்பது சென்னையில் பழைய வழக்கம். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாதத்தைத்தான் அளவாக வைக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் நிற்கும். கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. ஆஃபர் லெட்டரில் இன்சூரன்ஸ் அவனுக்கு மட்டும்தான். உங்களையும் மதினியையும் சேர்க்க முடியுமா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் உங்கள் இருவருக்கும் தனி பாலிசி எடுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரே ஒரு ஆஞ்சியோ நான் மேலே போட்ட அத்தனை கணக்கையும் கலைத்துவிடும்.

உங்கள் மகள் பாப்பா படிப்புக்கும் தம்பி சம்பளத்தைக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதானே? அப்படியென்றால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது, ஹாஸ்டலும் சேர்த்து. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அவள் செலவு நீங்கள் நினைத்ததில் கால்வாசிகூட வராது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தனியாகப் பேசுவோம்.

தம்பி சேர வேண்டிய தேதி அடுத்த மாதம் என்று பார்த்தேன். சேருவதற்கு முன் அந்த மூன்றாம் பக்கத்தோடு ஒருநாள் என்னிடம் வரட்டும். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் பேச வேண்டும்.

கிளம்பும்போது வாசலில், நிலத்துக்குப் புரோக்கர் ஒரு பார்ட்டியைக் கூட்டி வந்ததாகச் சொன்னீர்களே, டோக்கன் அட்வான்ஸ் ஏதும் வாங்கிவிடவில்லையே? வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் எனக்குப் போன் போடுங்கள்.