ஒரு பூனைக்கு வந்தால் ஆறு பூனைக்கும் வைத்தியம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பூனைகள். போன மாதம் வாங்கி வந்த பெர்சியன் குட்டிக்குக் காதோரம் வட்டமாக முடி கொட்டி, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. இப்போது இன்னும் இரண்டு பூனைகளுக்கும் அப்படியே. அதில் ஒன்று சினை. எட்டு வயது மகளின் கையிலும் ஒரு சிவப்பு வளையம். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்மென்ட்டை எல்லோருக்கும் தடவுகிறேன், குறைகிறது, திரும்ப வருகிறது. சர்க்கரை நோய் உள்ள மாமியார், "எல்லாத்தையும் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வா" என்கிறார். என்ன செய்வது, டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. அவர் சொல்லும் வழிதான் உதவாது. பூனைகளைக் கொண்டுபோய் விட்டாலும், அவை உதிர்த்த முடி சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது படர்தாமரை. பூனைகளுக்கு இதை வரவழைப்பது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. அதன் வித்துக்கள் உதிர்ந்த முடியில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடும்.

முதலில் அந்த ஆயின்மென்ட்டை நிறுத்துங்கள். டியூபின் பின்பக்கம் குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பும் சிவப்பும் இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும். "குறைகிறது, திரும்ப வருகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. பூனையோ தடவியதை எல்லாம் நக்கி விழுங்கும். மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டி, சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் மனிதர்களுக்கு வரும் படர்தாமரை பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வேறு வகைப் பூஞ்சையால் வருவது. அதனால் பரிசோதிக்காமல் பழியைக் குட்டி மேல் போட வேண்டாம்.

பூனைகளில் மூன்றுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். தோலில் ஒரு புள்ளியும் இல்லாத பூனை முடியில் வித்துக்களைச் சுமந்து திரியும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பிரிக்காத புது டூத் பிரஷ்ஷால் பூனையின் உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிஷம் வாரி, பிரஷ்ஷை அப்படியே பூஞ்சை வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொடுப்பது. பூனைக்கு ஒன்று என்று ஆறு பிரஷ், ஒவ்வொரு கவரிலும் பூனையின் பெயர். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான், அங்கே கேட்டுப் பாருங்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வூட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் முடி பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்து இரண்டு பக்கமிருந்தும் போக வேண்டும். உள்ளுக்கு, பெரும்பாலும் இட்ராகோனசோல், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மூன்று கிலோ பூனைக்கு 15 மில்லிகிராம்தான் வரும். நமக்கான 100 மில்லிகிராம் கேப்சூலைப் பிரித்துக் கண்ணளவில் கொடுத்தால் ஈரலுக்கு ஆபத்து. அளவை டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும். பூனை சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். சினைப் பூனைக்கு இந்த மாத்திரை வேண்டாம், குளியல் மட்டும்.

மைக்கனசோலும் குளோரெக்சிடினும் கலந்த ஷாம்புவில் வாரம் இரண்டு குளியல், ஆறு பூனைக்கும். ஆறு பூனையைக் குளிப்பாட்டுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்! பிளாஸ்டிக் டப்பின் அடியில் பழைய துண்டை விரித்தால் கால் வழுக்காது, பூனையும் பாதி அடங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பால் மெதுவாக ஊற்றுங்கள். தோல் வரை நனைய வேண்டும். நுரை பத்து நிமிஷம் ஊற வேண்டும், அதுவரை நக்க விடாதீர்கள். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், டீ ட்ரீ ஆயில் எதுவும் கிட்டே வரக்கூடாது.

வீட்டில் துடைப்பம் போட்டால் முடி பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். கடைசியாக ஒரு பங்கு திரவ ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, தரை பத்து நிமிஷம் ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். காய்ந்த பிறகே பூனைகளை உள்ளே விடுங்கள். டெட்டாலும் ஃபினாயிலும் பூனைக்கு விஷம். போர்வை, தலையணை உறைகளை இரண்டு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். மாமியாரின் அறைக்கதவைச் சாத்தியே வையுங்கள், அவர் கட்டில் பக்கம் எந்தப் பூனையும் போக வேண்டாம்.

புண் உள்ள மூன்றையும் சாமான் குறைவான ஓர் அறையில் வையுங்கள். குட்டியைத் தனியே அடைத்துப் பேச்சுத்துணை இல்லாமல் விடாதீர்கள். அதற்கென்று ஒரு பழைய நைட்டியை ஒதுக்கி, அதைப் போட்டுக்கொண்டு தினமும் விளையாடுங்கள்.

முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவதுதான் பலர் தடுக்கி விழும் இடம். இரண்டு பரிசோதனைகள் தொடர்ந்து சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், இத்தனை பூனை உள்ள வீட்டில் கூடவும் ஆகலாம். சினைப் பூனை ஈனும் குட்டிகளை அதுவரை யாருக்கும் கொடுக்காதீர்கள். புதிதாக ஒன்றைக் கொண்டும் வராதீர்கள்.