அக்கா பதில்கள்: பொத்தோங் பாசிரின் கீழ்த்தள மேசை

கேள்வி: தாத்தா பாட்டி வீடு பொத்தோங் பாசிரில். அந்தத் தொகுதியின் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியாம் சீ டோங்கின் பெயர் இன்றும் அவர்கள் பேச்சில் வராத நாளில்லை. ஆனால் அந்தக் காலத்தில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, மேம்பாட்டுப் பணிகள் தாமதமாகத்தான் வந்தன என்றும் அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் 27 ஆண்டுகளில் அவர் பேட்டைக்கு என்னதான் செய்தார்?
- மாணவி, செங்காங்

பதில்: இரண்டுமே உண்மைதான், தங்கச்சி. நானும் அங்கே வளர்ந்தவள். எங்கள் வீடு ஏழாவது மாடி. மின்தூக்கி ஐந்தில் நிற்கும், அப்புறம் ஒன்பதில்தான். அம்மா தேக்கா சந்தையிலிருந்து அரிசிப் பையோடு வந்தால் ஒன்பதில் இறங்கி, படிக்குப் படி பையை வைத்து வைத்து இரண்டு மாடி கீழே வருவார். ஏறுவதைவிட இறங்குவது மேல் என்பார்.

சியாம் முதல் முயற்சியிலேயே ஜெயித்துவிடவில்லை. 1979 இடைத்தேர்தலில் பொத்தோங் பாசிரில் நின்று தோற்றார். 1980-ல் மறுபடி நின்று தோற்றார். 1984-ல் அங்கேயே மூன்றாம் முறை நின்றபோது சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ, சியாமின் பள்ளித் தேர்வு முடிவுகளையும் எதிர்த்து நின்ற மா பௌ டானின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பேசினார். ஆசிரியராகவும் பிறகு வழக்கறிஞராகவும் இருந்த மனிதரைப் பள்ளி மதிப்பெண்ணால் எடைபோட்டது எங்கள் புளோக்கில் பலருக்கு மனத்தாங்கல். அந்த முறை 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார்.

அப்புறம்தான் வேலை. சமூக மன்றம் அரசாங்க அமைப்பான மக்கள் கழகத்தைச் சேர்ந்தது. எதிர்க்கட்சி உறுப்பினரை அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகராக நியமிப்பதில்லை. ஆகவே தொகுதியில் வென்றவருக்கு அங்கே மக்களைச் சந்திக்க ஓர் அறை கிடையாது. அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டார். சுவரில்லாத இடம், சாரல் அடித்தால் நாற்காலிகளை உள்ளே தள்ளிப் போட வேண்டும்.

தொண்ணூறுகளில் அம்மாவோடு ஒருமுறை அங்கே போனேன். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் கூரையில் ஒழுகிக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் சோற்றுப் பானையிலேயே விழுந்தது. சொல்ல வேண்டியவர்களிடம் மாதக்கணக்கில் சொல்லியும் பலனில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான் சொல்லச் சொல்லத் தொண்டூழியர் எழுதிக்கொண்டார். அம்மா பையிலிருந்து ஈரம் காயாத காரைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. யாரும் அதை ஒதுக்கவில்லை. கடிதம் எழுதி முடியும்வரை காகிதங்களுக்கு நடுவே அது அப்படியே இருந்தது. சில வாரங்களில் ஆள் வந்து பார்த்துச் சரிசெய்தார்கள். பேட்டையில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவரிடமும் ஒன்று இருக்கும்.

நகர மன்றச் சட்டம் 1988-ல் வந்த பிறகு துப்புரவு, விளக்கு, மின்தூக்கிப் பராமரிப்பு, சாயம் பூசுவது எல்லாம் தொகுதி உறுப்பினர் தலையில் விழுந்தன. குடியிருப்பாளர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தை முக்கியமாக நம்பித்தான் அன்றாடப் பராமரிப்பு. எதிர்க்கட்சி ஆளால் ஒரு பேட்டையை நடத்த முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தாழ்வாரம் பெருக்கப்பட்டது, விளக்கு எரிந்தது. அது சின்ன விஷயமில்லை.

பெரிய மேம்பாட்டுப் பணமோ அரசாங்கத்தின் கையில். தங்களை ஆதரிக்கும் தொகுதிகளுக்கே முன்னுரிமை என்று 1997 தேர்தலில் ஆளுங்கட்சி வெளிப்படையாகவே சொன்னது. 2006-ல் பொத்தோங் பாசிருக்கு 80 மில்லியன் வெள்ளித் திட்டத்தை முன்வைத்தது. படியில் பை தூக்கிய அம்மா போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை! இருந்தும் தொகுதி 55 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்துச் சியாமையே வைத்துக்கொண்டது. முதியவர்களின் முழங்கால்தான் அதற்கு விலை கொடுத்தது. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் குறையை அவர் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை.

2008-ல் பக்கவாதம் வந்து நடக்கவே சிரமப்பட்டபோதும் அவர் தொகுதியை விடவில்லை. 2011-ல்தான், பலர் ஓர் அணியாக நிற்கும் பீஷான்-தோ பாயோ குழுத்தொகுதிக்கு மாறி நின்று தோற்றார். பொத்தோங் பாசிரில் அவருக்குப் பதிலாக நின்ற மனைவி லீனா 114 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அன்றிரவு அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: வீட்டுப் பிரச்சினைக்காக எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்களா?
- இல்லத்தரசி, ஈசூன்

பதில்: தாராளமாகப் போங்கள். தமிழ் தெரிந்த தொண்டூழியர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடையாள அட்டையும் முன்பு வந்த கடிதங்களும் கையில் இருக்கட்டும். உறுப்பினர் யாருக்கும் ஆணையிட முடியாது, உங்கள் சார்பில் எழுதிக் கேட்கத்தான் முடியும். அதனால் என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள். கூரை ஒழுகுகிறதென்றால் உதிர்ந்த காரையையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.