14 வருட இடைவெளிக்குப் பிறகு பறக்க ஆசை... விமானத்தில் பங்கு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. முப்பதுகளில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்துச் சிறிய விமானங்கள் ஓட்டினேன். குடும்பப் பொறுப்புகளால் விட்டுப்போய் 14 வருடங்கள் ஆகின்றன. இப்போது வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, ஒரு டெபாசிட்டும் முதிர்வடைகிறது. நண்பர் ஒருவர் தங்கள் குழுவின் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் நான்கில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மகளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். டெபாசிட் பணத்தை இதில் போடலாமா?

பதில்: தாராளமாகப் பறக்கப் போங்கள். ஆனால் இந்த வருடம் பங்கு வாங்க வேண்டாம். டெபாசிட் பணம் உங்கள் ஓய்வுக்காலத்துக்கே போகட்டும்.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இந்த லைசென்ஸுக்கான சான்றிதழ் 40 வயதுக்குள் 5 வருடம் செல்லும். 50-ஐத் தாண்டினால் ஒரு வருடம்தான். சில நாடுகளில் விதி தளர்வாக இருக்கும். எப்படியும் இதை வருடாந்திரச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மறுபயிற்சி. விட்டுப்போன ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மணி நேரம் என்று பைலட்டுகள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். நீங்கள் 20 மணி நேரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். அதை இரண்டு மூன்று மாதங்களுக்குள் நெருக்கமாகப் பறந்து முடியுங்கள். மாதம் ஒரு வகுப்பு என்று இழுத்தால், போன தடவை கற்றதையே மறுபடி காசு கொடுத்துக் கற்க வேண்டியிருக்கும்.

வாடகை ஓடுவது ஹாப்ஸ் மீட்டரில். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் அதில் ஓர் இலக்கம் நகரும். ஓடுபாதை முனையில் முன்னால் இரண்டு விமானங்கள் நிற்க, அனுமதிக்காக நீங்கள் காத்திருக்கும்போதும் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். வானில் ஒரு மணி நேரம் இருந்தால் பில்லில் 1.3 மணி நேரம் என்று வருவது இப்படித்தான். செக்லிஸ்ட்டையும் ரேடியோவில் பேச வேண்டியதையும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள், அதற்கு மீட்டர் கிடையாது. வாடகையில் எரிபொருள் சேர்த்தியா என்று கேளுங்கள். தள்ளுபடி கிடைக்கிறதே என்று பெரிய தொகையை முன்பணமாகக் கட்டாதீர்கள். பயிற்சிப் பள்ளி மூடினால் அந்தப் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

இனி பங்கு. நிறுத்துமிட வாடகை, காப்பீடு, வருடாந்திர ஆய்வு எல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். உங்கள் பங்குக்கு வரும் நிலைச்செலவு 30 மணி நேர வாடகைக்குச் சமம் என்று வையுங்கள். வருடம் 15 மணி நேரமே பறந்தால், எரிபொருள் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு மணிக்கும் இரட்டை வாடகை கொடுத்தவர் ஆகிறீர்கள். இதைவிட நான் அஞ்சுவது எஞ்சினை. செஸ்னா 172-களில் பரவலாக இருக்கும் லைகாமிங் எஞ்சின்களுக்குப் பொதுவாக 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அப்போது எஞ்சினைப் பிரித்து முழுப் பராமரிப்பு செய்யச் சொல்கிறது நிறுவனம். எஞ்சின் ஓடிய நேரத்தைப் பதியும் லாக்புக்கில் 1,800 மணி நேரம் என்று இருந்து, குழு அதற்கென்று ஒரு காசும் சேர்த்து வைக்காமல் இருந்தால், நண்பர் சொல்லும் விலையோடு அந்தச் செலவின் கால் பங்கும் உங்கள் தலையில் விழும்.

உங்கள் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். டிக்கெட் எடுத்த பயணியாகச் செல்வதைத் தவிர மற்ற விமானப் பயணங்களுக்கு இழப்பீடு இல்லை என்ற விதிவிலக்கு பல பாலிசிகளில் உண்டு. நிறுவனத்திடம் எழுத்துமூலம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள். குடும்பம் உங்களை நம்பி இருக்கிறது, இதில் சிக்கனம் வேண்டாம்.

மகளை அடுத்த வருடம் சேர்க்கலாம். லைசென்ஸ் எடுக்கப் பொதுவாகக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பெரும்பாலானவர்களுக்கு அதற்குமேல் ஆகிறது. 60-க்குத் திட்டமிடுங்கள்.

மாதச் சேமிப்பு போக மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து மட்டும் பறங்கள். மாதம் இரண்டு மணி நேரத்துக்கு அது தாங்க வேண்டும். தாங்காவிட்டால் சேர்த்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். பல நாடுகளில், முந்தைய 90 நாட்களில் மூன்று முறை விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிராத பைலட் பயணியை ஏற்றக்கூடாது. கை விட்டுப்போன பைலட்டாக மகளை அருகில் உட்கார வைக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். ஒரு வருடத்தில் 30 மணி நேரம் பறந்திருந்தால், அந்த எஞ்சின் லாக்புக்கின் நகலோடு எழுதுங்கள். பங்கு விலையை அப்போது சேர்ந்து கணக்கிடுவோம்.