யாருடைய பணத்தில் தொழிலைத் தொடங்குவது?

தொழில்: கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் நண்பரும் வேலையை விட்டுவிட்டு, மருந்துக்கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளை இணையவழியில் தருகிறோம். பதினோரு கடைகள் பயன்படுத்துகின்றன. நான்கு கடைகள் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டுகின்றன. கையில் 8 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 20 சதவீதப் பங்குக்கு 40 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் என இருவருக்கும் சேர்த்து 60,000, சர்வர், பயணம், தொலைபேசிக்கு 10,000 என்று வைத்தால் உங்கள் மாதச் செலவு 70,000 ரூபாய், ஆண்டுக்கு 8,40,000. ஒரு கடைக்கு 6,000 என்றால் 140 கடைகள் பணம் கட்டினால் நீங்கள் யாரையும் எதிர்பார்க்காமல் நிற்கலாம். உங்கள் சேமிப்பு பதினோரு மாதங்களுக்கு வரும். அதற்குள் மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று புதுக் கடைகள் சேர வேண்டும். கடினமான இலக்குதான், ஆனால் இரண்டு பேர் நடந்தே எட்டக்கூடியது. வரும் சந்தா ஒவ்வொன்றும் அந்தப் பதினோரு மாதத்தைச் சிறிது நீட்டிக்கவும் செய்யும்.

40 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால், பணம் உள்ளே வந்தபின் நிறுவனத்தின் மதிப்பு 2 கோடி. வருவதற்கு முன் 1 கோடியே 60 லட்சம். நான்கு கடைகள் பணம் கட்டும் நிறுவனத்துக்கு இது தாராளமான மதிப்பு என்று தோன்றும். ஒப்பந்தத்தின் உட்பிரிவுகளைப் படித்தால்தான் உண்மை விலை தெரியும். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை இத்தகைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து நீங்கள் 60 லட்சத்துக்கு விற்க நேர்ந்தால், 40 லட்சம் அவருக்குப் போய், 80 சதவீதம் வைத்திருக்கும் உங்கள் இருவருக்கும் மிஞ்சுவது 20 லட்சம். அடுத்த முதலீட்டுச் சுற்றில் இன்னொருவருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் 80 சதவீதம் 64 ஆகும்.

முதலீடே தவறு என்று நான் சொல்லவில்லை. சென்னையிலேயே இரண்டு வழிகளுக்கும் சான்று உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் பெயர் மாறிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, வென்ச்சர் கேபிடல் (பங்குக்கு ஈடாகப் புது நிறுவனங்களில் போடப்படும் முதலீடு) பணம் வாங்காமல் வாடிக்கையாளர் தந்த பணத்திலேயே வளர்ந்தது. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஆக்ஸெல் போன்ற முதலீட்டு நிறுவனங்களின் பணத்தில் வேகமாக விரிந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டது. உலகச் சந்தையைக் குறுகிய காலத்தில் பிடிக்க வேண்டிய தொழிலுக்கு இரண்டாவது வழி பொருந்தும். வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் கடை கடையாக ஏறி விற்க வேண்டிய உங்கள் தொழிலுக்கு, இன்றைய நிலையில், முதல் வழியே பொருந்துகிறது. வெளிப் பணம் வந்ததும் ஆள் சேர்ப்பதும் விளம்பரம் செய்வதும் தொடங்கிவிடும். பணம் கட்டாத ஏழு கடைகள் ஏன் கட்டவில்லை என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

அந்தக் கேள்வியில்தான் உங்கள் தொழிலே இருக்கிறது. எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர், காலாவதி நெருங்கும் மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, கல்லாவுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைப்பார். மொத்த விற்பனையாளரின் ஆள் வரும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டால் அந்தப் பணம் அவருக்கு நட்டம். அந்தப் பெட்டியை உங்கள் மென்பொருள் காலி செய்து தருமானால் 6,000 ரூபாய் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. இந்த மாதமே அந்த ஏழு கடைகளிலும் பணம் கேளுங்கள். மறுப்பவர் சொல்லும் காரணத்தை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள்.

கேள்வி: தொழிலைப் பதிவுசெய்ய பிரைவேட் லிமிடெட் நிறுவனமா, எல்.எல்.பி.யா (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை)?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: பின்னாளில் வெளி முதலீடு வாங்கும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் பிரைவேட் லிமிடெட். எல்.எல்.பி.யில் பங்குகள் வெளியிட இயலாது. அந்த எண்ணமே இல்லையென்றால் எல்.எல்.பி.யின் ஆண்டுச் செலவும் படிவ வேலையும் குறைவு.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஐந்து பேர். கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்) கட்டணம் மாதா மாதம் ஏறுகிறது. சொந்தமாக சர்வர் வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அலுவலகத்தில் வைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஈக்காட்டுத்தாங்கலில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் சர்வர் தண்ணீரில் மூழ்கியது. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் அதே அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டும் போயின. வாடிக்கையாளர்களின் ஏழு மாதக் கணக்கைக் காகித ரசீதுகளிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம். அந்த நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

அமேசான் 2006-ல் கிளவுட் சேவையைத் தொடங்கியது; 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் அதன் மையங்கள் வந்துவிட்டன. பெரிய அளவில் சேமிப்பிடம் தேவைப்படும்போது சொந்தக் கட்டமைப்பு லாபமாகலாம். இணையத்தில் கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் தன் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த சர்வர்களுக்கு மாற்றிவிட்டதாக 2016-ல் அறிவித்தது. ஐந்து பேர் கொண்ட நிறுவனம் அந்த அளவை எட்ட வெகு காலம் ஆகும்.

சர்வர் வாங்குவதை யோசிக்கும் முன் கட்டணச் சீட்டை வரி வரியாகப் படியுங்கள். சோதனைக்காகத் தொடங்கி நிறுத்த மறந்த இயந்திரங்கள், யாரும் திறக்காத பழைய பேக்கப்புகள், வெளியே செல்லும் தரவுக்கான கட்டணம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். உள்ளே வரும் தரவுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே போவதற்கு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேர் எழுதும் மென்பொருளை இருபது சிறு சேவைகளாகப் பிரித்திருந்தால், ஒரே நிரலாக, ஒரு நல்ல இயந்திரத்திலும் ஒரு போஸ்ட்கிரெஸ் (இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தள மென்பொருள்) டேட்டாபேஸிலும் இயங்கும்படி திருப்பிக் கொண்டுவாருங்கள். பேக்கப் வேறொரு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து டேட்டாபேஸை மீட்டெடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சந்தாவை மாதந்தோறும் வாங்குவது நல்லதா, ஆண்டுக்கு ஒருமுறையா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை வாங்குங்கள், அதற்காக இரண்டு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். முன்பணமாக வரும் ஆண்டுச் சந்தாவுக்குப் பங்கும் கொடுக்க வேண்டாம், வட்டியும் கட்ட வேண்டாம். ஆனால் அது இன்னும் நீங்கள் உழைத்து ஈட்டாத பணம். 12,000 ரூபாய் வந்தால் மாதம் 1,000 மட்டுமே வருமானம் என்று கணக்கில் எழுதுங்கள். மீதியைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

வாடிக்கையாளரின் கார்டு போன்றவற்றிலிருந்து சந்தாவைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் முறையை வைத்தால், ஒருமுறை பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி வைத்த வரம்பையும் மனத்தில் கொள்ளுங்கள். 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக உயர்த்தப்பட்ட அந்த வரம்பைத் தாண்டினால், வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் தாமே உறுதிசெய்ய வேண்டியிருக்கும். ஆகவே 18,000 ரூபாய் சந்தாவை அரையாண்டுக்கு 9,000 என்று பிரித்து வைப்பது வசூலுக்கு உதவும்.