எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுற எங்க மச்சான் எத்தன வருசம் உயிரோட இருப்பாரு? சிடி4 140ன்னு சொல்லியிருக்காங்க.

விடாம சாப்பிட்டா ரொம்ப வருசம் இருப்பாரு, பயப்படாதீங்க. மண்டபம், பாம்பன் பக்கம் கடல் தொழில் குடும்பங்கள்ல சுகாதார வேலை பாக்குறேன், பார்த்தத வச்சு சொல்றேன்.

சிடி4ன்னா ரத்தத்துல இருக்குற எதிர்ப்பு சக்தி செல்லோட கணக்கு, அது 140ன்னு எழுதியிருக்கீங்க. 200க்குக் கீழன்னா நோய் முத்துன நிலைன்னு கணக்கு, அதனால மாத்திரை ஆரம்பிச்ச முதல் ஆறு மாசம் கவனமா இருக்கணும். இந்த நோய்ல சாவு அதிகமா நடக்குறது அப்பத்தான், பெரும்பாலும் டிபியால. இருமல், காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையிறதுன்னு எது வந்தாலும் உடனே டிபி டெஸ்ட் எடுக்கணும், டிபி இல்லன்னா வராம தடுக்கவும் மாத்திரை தருவாங்க. இன்னொண்ணு, மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல எதிர்ப்பு சக்தி திரும்பும்போது உள்ள ஒளிஞ்சிருந்த டிபி வெளிய வந்து காய்ச்சலடிக்கும், உடனே வீட்ல "மாத்திரை ஒத்துக்கல"ன்னு நிறுத்திருவாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் செஞ்சிராதீங்க, மாத்திரை குடுக்குற ஏ.ஆர்.டி. சென்டருக்குக் கூட்டிட்டுப் போங்க.

இந்த நோய் வந்தா ரொம்ப நாள் இருக்க மாட்டாங்கன்னு ஊர்ல பெரியவங்க பயமுறுத்துறதுக்கும் காரணம் இருக்கு. 2004ல இலவச மாத்திரை வந்தப்ப சிடி4 200க்குக் கீழ இறங்குனாத்தான் குடுப்பாங்க, அதுக்குள்ள பலருக்கு உடம்பு தேறாத அளவுக்குப் போயிரும். 2017ல இருந்து தொற்று உறுதியானாலே சிகிச்சைதான்.

நம்ம பக்கம் ஆளக் கொல்றது நடுவுல மாத்திரை விடுறது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போறவங்க கேரளா, மங்களூருன்னு வேலைக்குக் கிளம்பிருவாங்க, கையில இருக்குற மாத்திரை தீர்ந்ததும் அங்க யார்ட்ட கேக்குறதுன்னு தெரியாம விட்ருவாங்க. போறதுக்கு முன்னாடியே சென்டர்ல சொன்னா போற ஊர் சென்டர்லயே வாங்கிக்க ஏற்பாடு பண்ணித் தருவாங்க, சென்டர்ல குடுத்த ஏ.ஆர்.டி. புக்க மட்டும் கையோட கொண்டு போகச் சொல்லுங்க. ஒருநாளைக்கு ஒரே மாத்திரைதான், ஐஸ்ல வைக்க வேண்டாம், ஈரம் படாத டப்பால போட்டுக் கடலுக்கும் கொண்டு போகலாம். குடிச்சிட்டு மறந்து தூங்குற ராத்திரிகதான் எனக்குக் கவலை, அதனால காலையில சாப்பிட வைங்க. வேற மாத்திரை எது சாப்பிட்டாலும், வயித்தெரிச்சல் மருந்தா இருந்தாக்கூட, டாக்டர்ட்ட சொல்லிருங்க, சிலது இந்த மருந்த உடம்புல ஏற விடாது.

தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு பயந்து ராமநாதபுரத்த விட்டுட்டு மதுரைக்குப் போறவங்கள நிறையப் பாத்திருக்கேன். படகு போகாத மாசம் பஸ்ஸுக்குக் காசிருக்காது, மாத்திரை நின்னுரும். சம்மதம் இல்லாம அடுத்தவங்களுக்கு இத வெளிய சொல்றது 2017 எச்.ஐ.வி. சட்டப்படி தப்பு, அதனால பக்கத்து சென்டருக்கே தைரியமா போகச் சொல்லுங்க.

ஆறு மாசத்துல வைரல் லோட், அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க. வைரஸே தெரியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா உடலுறவு வழியா அடுத்தவங்களுக்குப் பரவாது. ஆனா அது இனிமேத்தான, இந்த வாரமே உங்க அக்காவையும் பிள்ளைகளையும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிட்டுப் போய் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுங்க, காசில்ல. ஏதாச்சும் சந்தேகம்னா எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிங்க, அதுவும் இலவசம்தான்.