வேஷம் கட்டி கேஎல்சிசிக்கு: முதல் தடவை போகிறவர்களுக்குப் பதில்கள்

கோலாலம்பூரில் நடக்கும் அனிமே (ஜப்பானிய அசைபடம்), காமிக்ஸ், கேம் ரசிகர் விழாவான காமிக் ஃபியெஸ்தாவுக்கு முதன்முறையாக வேஷத்தோடு போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்கிறவர் ஃபோம் கவசம், விக், முக ஒப்பனை மூன்றும் தெரிந்த காஸ்பிளேயர், அதாவது பிடித்த பாத்திரமாக வேஷம் கட்டும் ரசிகர். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

கிள்ளான்: அக்கா, இது எங்க நடக்குது? வீட்டுலேர்ந்தே வேஷத்தோட கிளம்பலாமா?

2002-இல் தொடங்கிய விழா. வழக்கமாக டிசம்பரில், கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடக்கும். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து கிளானா ஜெயா எல்ஆர்டிக்கு மாறினால், ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. சூரியா பேரங்காடியின் கீழ்த்தளத்திலிருந்து சுரங்க நடைபாதை அக்குவேரியா மீன் காட்சியகம் வழியாக மாநாட்டு மையத்துக்கே போகிறது. மழையிலும் வெயிலிலும் வெளியே கால் வைக்கத் தேவையில்லை.

வீட்டில் உள்ளாடை, டைட்ஸ், விக் கேப், கண் ஒப்பனை வரை முடித்துவிடுங்கள். கவசமும் விக்கும் பையில் வரட்டும். அகலமான தோள் கவசத்தோடு ரயிலில் ஏறினால் கதவு இடுக்கில் நசுங்குவது உங்கள் கவசம்தான். வாள், கோல் எதுவானாலும் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

செந்தூல்: மார்புக் கவசம் செய்யணும். நாலு வாரம் இருக்கு. ஃபோம் எப்படி வாங்குறது, எப்படி ஒட்டுறது?

நாலு வாரம் போதும், கடைசி வாரத்தை வண்ணம் காய்வதற்கு விட்டால்.

ஈவிஏ ஃபோம்தான் வேண்டும், ரப்பர்போல் வளையும் மெத்தென்ற தாள் அது. கவசத்தின் உடலுக்கு 5 மில்லிமீட்டர், தடித்த விளிம்புக்கு 10, அலங்காரக் கோடுகளுக்கு 2. பழைய டீசட்டையைப் போட்டுக்கொண்டு உடம்பைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கவசத்தின் கோடுகளை மார்க்கரில் வரையுங்கள். பிறகு ஒருவர் முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றட்டும். அதுதான் உங்கள் அச்சு.

பலர் தடுக்குவது இங்கேதான். உடம்பில் எடுத்த அளவு உள்சுற்றின் அளவு. ஃபோமுக்குத் தடிமன் உண்டு, வளைத்ததும் சுற்று குறுகும். முழுச் சுற்றாக வரும் துண்டுக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர், 10 என்றால் மூன்று சென்டிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். கூட்டாவிட்டால் கைக்கவசம் முழங்கையைத் தாண்டாது.

வெட்டப் புதுக் கத்திமுனை வேண்டும். மழுங்கியது ஃபோமைக் கடித்துக் கிழிக்கும். ஒட்டுவதற்குக் காண்டாக்ட் சிமெண்ட் என்ற பசை: இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத வரை, சுமார் பத்து நிமிடம் காயவிட்டு, ஒரே தடவையில் அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. ஈரமாகவே அழுத்தினால் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும்.

பிறகு ஹீட் கன்னால் (கடும் சூடான காற்றை ஊதும் கருவி) மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும் வரை சூடுகாட்டினால் துளைகள் அடைபடும். முடி உலர்த்தியின் சூடு போதாது. தண்ணீர் கலந்த மரப்பசை மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அதன்மேல் அக்ரிலிக். அடைக்காமல் பூசினால் ஃபோம் வண்ணத்தை உறிஞ்சும், வளையும் இடத்தில் வெடிக்கும். மேல்பூச்சு ஸ்ப்ரேயை மழை ஓய்ந்த மாலையில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், காய்ந்த நாளில் அடியுங்கள்.

முடித்ததைக் காரில் வைக்காதீர்கள். வெயிலில் பூட்டிய காருக்குள், சூட்டுப்பசையால் (ஹாட் குளூ) ஒட்டியது இருந்தால் இளகும், சூடுகாட்டி வளைத்த ஃபோம் பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

பட்டர்வொர்த்: டிக்கெட் எங்க வாங்கறது? இடிஎஸ் ரயில்ல ஈட்டி எடுத்துட்டு வரலாமா?

டிக்கெட் நடத்துபவர்களின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மட்டும். ஈட்டியை மூன்று துண்டாகப் பிரியும்படி செய்யுங்கள்: பிவிசி குழாய், நடுவில் இணைப்புக் குழாய், பசை போடாமல் திருகாணி. ஒரே கம்பாகக் கொண்டுவந்தால் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் நிற்காது.

ரவாங்: பார்க்க நிஜமா இருக்கிற துப்பாக்கி பரவாயில்லையா? பொம்மைதானே?

வேண்டாம். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் கட்டுப்படுத்துகிறது. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்டும், ஜெல் உருண்டை சுடும் ஜெல் பிளாஸ்டரும் இந்நாட்டில் சட்டவிரோதம், 'பொம்மை' என்ற பெயர் காப்பாற்றாது. ஃபோமில் வெட்டி, கற்பனை வண்ணம் பூசுங்கள். உலோகக் கத்தி முனையும் கூடாது. மலேசியப் போலீஸ், ராணுவச் சீருடையும் வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: எனக்கு நிறம் கறுப்பு. வெள்ளையா இருக்கிற அனிமே பாத்திரம் போட ஆசை. எத்தனை ஷேட் கூட்டிப் பூசணும்?

ஒன்றுகூடக் கூட்டாதீர்கள். உங்கள் கழுத்தோடு ஒத்த ஃபவுண்டேஷனைப் பூசுங்கள். கடை விளக்கில் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் தாடையில் தேய்த்துப் பாருங்கள்.

வெளுத்த பூச்சு நம் தோலில் வியர்வை பட்டதும் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். வரிசையில் புழுக்கம், உள்ளே ஏர்கான், பத்து நிமிடத்தில் கழுத்தும் காதும் வேறு நிறமாகிவிடும். ஃபிளாஷ் அடித்தால் வெளுப்பூட்டும் பவுடர் முகத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

பாத்திரத்தைக் காட்டுவது விக், புருவம், கண்கோடு, நிற்கும் விதம். வெளிர் நிற விக் தோலோடு ஒட்டாமல் தெரிந்தால், வேரருகே கறுப்பு ஐஷேடோவைத் தூரிகையால் தடவுங்கள், நிழல் கிடைக்கும். புருவத்தை விக்கின் நிறத்துக்கே மாற்றுங்கள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஆழ்ந்த நிறம் எடுங்கள், மெல்லிய இளஞ்சிவப்பு நம் தோலில் தெரியாது. வெளுக்காவிட்டால் ஏதோ குறைந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செந்தூல்: ஒரு விஷயம் உதைக்குது அக்கா. தெருக்கூத்துல கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்புன்னு அரிதாரம் பூசறாங்க. வேஷம்னாலே நிறம் மாத்துறதுதானே? இதுல மட்டும் ஏன் தப்பு?

நல்ல கேள்வி. கூத்தின் பச்சை எந்த ஊர்க்காரருடைய தோலும் அல்ல, அது பாத்திரத்தின் குணத்தைச் சொல்லும் குறி. நீலத் தோல் அரக்கனாகவோ வேற்றுக்கிரக ஆளாகவோ வந்தால் தாராளமாகப் பூசுங்கள், அது அரிதாரம். ஒரு மனித இனத்தின் தோலை அடுத்த மனிதன் பூசிக்கொள்வது வேறு. வெளிர்நிறத்தவர் நம் தோலைப் பூசிக்கொண்டு வந்தால் நமக்கு எப்படி இருக்கும்? இரண்டு திசையிலும் அதே அளவுகோல்தான்.

சுபாங்: செந்தூல் தம்பி சொல்றதுல அர்த்தம் இருக்கு. பாத்திரம் அப்படியே வரணும்னுதான் ரசிகன் மெனக்கெடறான். துல்லியம் வேணாம்னா வேஷமே எதுக்கு?

துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பொத்தான் எண்ணிக்கை, பட்டையின் அகலம், கண்கோட்டின் முனை எல்லாம் துல்லியமாக இருக்கட்டும். தோல் மட்டும் உங்களுடையது. வெளுப்பு கூடினால் வேஷம் கூடும் என்று நம்பினால், கடைசியில் கறுப்பானவர்களுக்கு இந்த அரங்கில் இடமே இல்லை என்று ஆகும். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஈப்போ: அப்போ நமக்குன்னு கர்ணன், அர்ஜுனன் மாதிரி பாத்திரம் மட்டும்தானா? அவங்களும் ஜப்பான் கேம்ல இருக்காங்களே.

பிடித்திருந்தால் போடுங்கள். பிடிக்காமல் நிறத்துக்காகப் போடாதீர்கள். உங்களுக்கு எந்தப் பாத்திரத்தோடு பற்றோ அதுவே உங்களுக்குப் பொருத்தம், அது நார்வே வீரனாக இருந்தாலும்.

செந்தூல்: சரி அக்கா, நீலம்னா எதுல பூசறது?

வியர்வைக்குத் தாங்குவது ஆல்கஹால் கலந்த, தோலுக்கென்றே செய்த ஒப்பனை பெயிண்ட். தண்ணீரில் கரைப்பது மலிவு, ஆனால் கோலாலம்பூர் வரிசையில் நின்றால் சட்டைக் காலரில் இறங்கும். மெல்லப் பூசி, பவுடர் தட்டி, செட்டிங் ஸ்ப்ரே அடியுங்கள். முந்தின வாரமே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்கள், அரிப்பு வந்தால் வேண்டாம். கழற்றத் தேவையான நீக்கியையும் கூடவே வாங்குங்கள், சோப்புக்கு அது போகாது.

காஜாங்: டிக்கெட் வாசலில் கிடைக்குமா? வேற யார்கிட்ட வாங்கலாம்?

மேலே சொல்லியாயிற்று, மூன்றாவது தடவை சொல்ல வைக்காதீர்கள். நடத்துபவர்களின் பக்கம். அறிமுகமில்லாதவர் 'எக்ஸ்ட்ரா இருக்கு' என்று க்யூஆர் படம் அனுப்பினால் பணம் போடாதீர்கள், அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும்.

பூச்சோங்: சிவப்புக் கலர் லென்ஸ் ஆன்லைன்ல மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

வேண்டாம். பவர் இல்லாத லென்ஸும் கண்ணில் ஒட்டும் பொருள்தான், அளவு சரியில்லாவிட்டால் கருவிழியில் புண்ணாகும். கண் மருத்துவ நிபுணரிடம் அளவு எடுத்து வாங்குங்கள். முந்தின வாரம் வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுப் பழகுங்கள். லென்ஸ் முதலில், ஒப்பனை பிறகு. கழற்றும்போது லென்ஸ் முதலில். நண்பரோடு மாற்றிப் போடாதீர்கள்.

செராஸ்: சாயங்காலம் விழா முடிந்ததும் கவசத்தைக் காரில் விட்டுட்டு சாப்பிடப் போகலாமா?

காரில் வேண்டாம் என்றேன். நிழலான அடித்தள நிறுத்தம் என்றால் ஒரு மணி நேரம் பரவாயில்லை, திறந்தவெளியில் வேண்டாம்.

சுங்கை பட்டாணி: என் மகளுக்கு 14 வயசு. முதல் தடவை தோழிகளோட போறா. நான் என்ன சொல்லி அனுப்பணும்?

பசியாறிவிட்டு வரச் சொல்லுங்கள். உள்ளே வரிசை நீளம். பையில் தண்ணீர், பத்து ஊக்கு, இரட்டைப் பக்க டேப், சூப்பர் குளூ, சாதாரணச் செருப்பு, பவர்பேங்க்.

படம் எடுக்க விரும்புகிறவர் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவளும் மற்றவர்களிடம் கேட்டே எடுக்கட்டும். யாராவது தோளில் கை வைத்தாலோ, 'தனியா ஒரு படம்' என்று ஓரமாக அழைத்தாலோ, 'வேணாம்' என்று சொல்லிவிட்டுத் தோழிகளிடம் திரும்பச் சொல்லுங்கள். பிறகும் தொடர்ந்தால் அடையாள அட்டை தொங்கவிட்ட பணியாளரிடம் போகட்டும். கூட்டம் சேர்ந்தால் போனில் இணைப்பு இழுக்கும், அதனால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அக்குவேரியா வாசல், மாலை ஐந்து மணி என்று. மண்டபத்தின் நடுவில் வைக்காதீர்கள்.